ஆத்தங்குடிக் கல்லில் ஒரு ஸ்டீயரிங் வீல்: கேம்பேடை விட்டு மாறுபவர்களுக்கு

கம்ப்யூட்டர் கார்ப்பந்தயக் கேமில் மோன்ஸா டிராக்கைக் கேம்பேடில் சரளமாக ஓட்டியவர் ஸ்டீயரிங் வீலுக்கு மாறிய முதல் வாரத்தில் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், குறையாது, கூடும். இரண்டு வினாடி, மூன்று வினாடி என்றுகூடக் கூடும். வீலில் ஏதோ கோளாறு என்று நினைத்து அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்துப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் உண்டு. கோளாறு வீலில் இல்லை. கேம்பேடில் நமக்குத் தெரியாமலே நமக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள், வீல் மாட்டிய அன்றே வேலையை விட்டுப் போய்விடுகிறார்.

கேமுக்குள் இருக்கும் ஸ்டீயரிங் ஃபில்டர்தான் அந்த ஆள். கேம்பேடின் குச்சியைக் கட்டைவிரல் தள்ளும் தூரம் மிகக் கொஞ்சம். அந்தச் சின்ன அசைவை அப்படியே முன்சக்கரத்துக்குக் கொடுத்தால் கார் நேராகவே ஓடாது. அதனால் கேம் இடையில் புகுந்து, வேகம் கூடக்கூடச் சக்கரம் திரும்பும் கோணத்தைக் குறைக்கிறது. வெடுக்கென்று தள்ளினாலும் மெதுவாகத் திருப்புகிறது. அசெட்டோ கோர்ஸா என்ற கேமின் கன்ட்ரோலர் பக்கத்தில் ஸ்பீட் சென்ஸிட்டிவிட்டி, ஃபில்டர், காமா என்று இருப்பவை இவைதான். வீலில் இந்தத் தடுப்பு எதுவும் கிடையாது. கை பதறினால் அந்தப் பதற்றமும் நேராக டயருக்குப் போய்ச் சேரும்.

ஆனால் கை சீக்கிரம் பழகிவிடும். சைக்கிள், ஸ்கூட்டர், கார் என்று ஏதோ ஒன்றைத் திருப்பிப் பழகிய கைதானே. பழகாதது இடது கால். கேம்பேடில் ஆள்காட்டி விரல் நுனியால் பிரேக்கை அழுத்தி விட்டுக்கொண்டிருந்தோம். விரல் நுனிக்கு இருக்கும் நுணுக்கம் காலுக்கு இல்லை. கூடிப்போன அந்த இரண்டு மூன்று வினாடியில் பெரும்பங்கு இடது கால் பிரேக்கை விடும் விதத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் பாதி பிரேக்கைப் பற்றியதாகவே இருக்கும். பிரேக்கைப் பழக்க முதலில் பெடல் நகராமல் இருக்க வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளில் அதுவே பெரிய வேலை.

பெடல் ஓடுகிறது

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பல வருஷம் துடைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற பளபளப்பு. அதன்மேல் பெடலை வைத்து அழுத்தினால் பெடல் சுவரைப் பார்த்துப் போகும். உட்கார்ந்திருப்பது சக்கரம் வைத்த நாற்காலி என்றால் நாம் பின்னால் போவோம். லாஜிடெக் ஜி29 போன்ற வீல்களின் பெடல் அடியில் இருக்கும் பல் கம்பளத்தில் பிடிக்கத்தான். கல்லில் அது ஒன்றும் செய்யாது.

சிலர் தரையில் ரப்பர் ஷீட் போடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்டால் செய்தது, நுண்துளை உள்ளது. கறுப்பு ரப்பர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் கறை இறங்கிவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இருபக்க டேப் எண்ணெய்ப் பூச்சின்மேல் பிடிக்காது. பிடித்தாலும் உரிக்கும்போது மெருகையும் சேர்த்து உரிக்கும். தரையில் துளை போடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். கண்ணாடிப் பலகைமேல் கையால் வார்த்த கல் அது. பழைய கல்லுக்கு ஜோடியாக அதே நிறத்தில், அதே தேய்மானத்தில் இன்னொன்று கிடைக்காது.

இதற்குச் சரியான வழி தரையை நம்பாமல் இருப்பது. கால் பெடலை முன்னால் தள்ளும் அதே விசை, முதுகு வழியாக நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறது. இரண்டும் ஒரே பலகைமேல் இருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும். பலகைக்கு நகரக் காரணமே இல்லை. 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அடிக்கு 2 அடி துண்டு போதும். 8க்கு 4 ஷீட்டில் கால்வாசி. பல கடைகளில் வெட்டியே தருவார்கள். ஒரு முனையில் பெடலை போல்ட் போட்டு இறுக்குங்கள். மறுமுனையில் சக்கரம் இல்லாத நாற்காலியை வைத்து, அதன் பின்கால்களுக்குப் பின்னால் ஒன்றரை அங்குல மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே ஸ்க்ரூ செய்யுங்கள். நாற்காலி அந்தச் சட்டத்தில் முட்டி நிற்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் உடைந்த தேக்குச் சட்டம் கிடைக்கக்கூடும். அதுவும் நன்றாக வேலை செய்யும். பலகைக்கு அடியில் கார்க் ஷீட் ஒட்டிவிட்டால் கல்லில் கீறல் விழாது. உங்கள் உயரத்துக்கு 4 அடி போதவில்லை என்றால் 5 அடியாக வெட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் விறைத்து நிற்கக் கூடாது, கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அந்தத் தூரம்தான் அளவு.

பலகை இப்போதைக்கு முடியாது என்றால் நைலான் கயிறு. பெடலையும் நாற்காலியின் முன்கால்களையும் தளர்வில்லாமல் சேர்த்துக் கட்டிவிட்டால் அதே கணக்குதான். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உறுதியாக நிற்கும்.

வீட்டில் வெறுங்காலோடுதான் இருப்போம். வெறுங்கால் வியர்த்தால் உலோகப் பெடலில் ஒட்டிக்கொள்ளும், பாதத்தை நகர்த்தும்போது வெட்டி இழுக்கும். மெல்லிய காட்டன் சாக்ஸ் போடுங்கள். குதிகால் பலகைமேல் பதிந்திருக்க வேண்டும், வழுக்கும் கல்லின்மேல் அல்ல.

மேஜை

பழைய பர்மா தேக்கு மேஜை என்றால் ஆடாது, அசையாது, அதுவரை நல்லது. சிக்கல் அதன் விளிம்பில். பலகைக்குக் கீழே சுற்றிலும் குறுக்குச் சட்டம் ஓடும், விளிம்பில் கடைசல் வேலை இருக்கும். வீலோடு வரும் கிளாம்ப் அதைக் கவ்வாது. கவ்வினாலும் கடைசலை நசுக்கும். இங்கேயும் ஒரு பிளைவுட் துண்டுதான் மருந்து: 2 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. அதை மேஜைமேல் வைத்து, வீல் உட்காரும் அளவுக்கு நம் பக்கம் வெளியே நீட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் பகுதியை மேஜையோடு சேர்த்து, சட்டத்துக்கும் கீழே எட்டிப் பிடிக்கும் பெரிய சி கிளாம்ப் இரண்டால் இறுக்குங்கள். கிளாம்ப் படும் இடத்தில் நாலாக மடித்த பழைய போர்வைத் துணி வையுங்கள்.

ஜி29ன் அடியில் எம்6 அளவில் இரண்டு துளைகள் இருக்கின்றன. பிளைவுட்டில் அதே இடைவெளியில் துளை போட்டுக் கீழிருந்து போல்ட் ஏற்றினால் கிளாம்ப்பைவிட உறுதி. 18 மி.மீ. பலகைக்கு 30 மி.மீ. நீள போல்ட்டும் ஒரு வாஷரும் சரியாக இருக்கும். உள்ளே ஏறுவது 10 மி.மீ. அளவுதான். கையில் கிடைத்த 50 மி.மீ. போல்ட்டை ஏற்றி இறுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை உடைத்துவிடும்.

வீலின் தூரமும் உயரமும்: முதுகை நாற்காலியில் சாய்த்து, கையை நேராக நீட்டி, மணிக்கட்டை வீலின் உச்சியில் வையுங்கள். தோள் நாற்காலியை விட்டு எழாமல் மணிக்கட்டு எட்டினால் தூரம் சரி. தேக்கு மேஜைகள் எழுதுவதற்கு என்று செய்தவை. வீல் பெரும்பாலும் நெஞ்சுக்கு மேலே போய்விடும். நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு ஆளை உயர்த்துங்கள், மேஜைக் காலை அறுக்க வேண்டாம்.

கேமுக்குள் செய்ய வேண்டியவை

முதலில் சுழற்சிக் கோணம். ஜி29 முழுச் சுழற்சி 900 டிகிரி. டிரைவர் மென்பொருளில் 900, கேமிலும் 900 என்று வையுங்கள். ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு வேண்டும் என்பதைக் கேம் பார்த்துக்கொள்ளும். ஃபெராரிக்கும் போர்ஷேவுக்கும் அது வேறு வேறு. கார் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று டிரைவரில் 360 ஆக்கிவிட்டுக் கேமில் 900ஐ விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது கை 40 டிகிரி திரும்பினால் திரையில் வீல் 100 டிகிரி திரும்பும். சோதிப்பது சுலபம்: காரை நிறுத்தி, வீலை சரியாக 90 டிகிரி திருப்புங்கள். திரையில் தெரியும் வீலும் 90ல் நின்றால் சரி. பார்த்தபின் திரையில் தெரியும் வீலை அணைத்துவிடலாம், கையில்தான் ஒன்று இருக்கிறதே.

அடுத்தது ஃபோர்ஸ் ஃபீட்பேக், டயரின் பாரத்தை வீலின் மோட்டார் கைக்குத் திருப்பித் தரும் விசை. திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்தால் பாட்டும் பேச்சும் ஒன்றாகவே இரையும், எது எதுவென்று காதுக்குத் தெரியாது. வீலிலும் அதேதான் நடக்கிறது. அதற்குப் பெயர் கிளிப்பிங். ஜி29ன் மோட்டார் தரக்கூடியது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். வேறு வீல்களில் மோஸா ஆர்5 5.5 தரும், ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 தரும். 2 நியூட்டன் மீட்டர் வீலில் கெயினை, அதாவது விசையின் அளவை, 100ல் வைத்தால் வேகமான வளைவு முழுக்க மோட்டார் உச்சத்திலேயே நிற்கும். டயர் பிடியை இழக்கும்போது வரவேண்டிய மாற்றம் கைக்கு வந்து சேராது. திரையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டையைத் திறந்துவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். டிராக் ஓரத் திட்டான கெர்ப்மேல் ஏறும்போது பட்டை ஒரு கணம் உச்சியைத் தொடலாம். மோன்ஸாவின் பரபோலிகா போன்ற நீண்ட வளைவில் உச்சியிலேயே ஒட்டி நின்றால் கெயினை 5 புள்ளி குறையுங்கள், மறுபடி ஒரு சுற்று. வீல் இலேசாகிவிட்டதே என்று முதலில் வருத்தமாக இருக்கும். இரண்டு நாளில் கையால் டயரைப் படிக்கத் தொடங்குவீர்கள்.

பல்சக்கரம் வைத்த வீல்களில் நடுவில் ஒரு மந்தம் இருக்கும். மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பு அதற்குத்தான். பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நேர்ச்சாலையில் வீல் தானாக நடுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு புள்ளி பின்னால் வாருங்கள். பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரோடு நேராக இணைந்த டைரக்ட் டிரைவ் வீலுக்கு இது பூஜ்யமாகவே இருக்கட்டும்.

திரையில் காட்சி எவ்வளவு விரிந்து தெரிய வேண்டும் என்ற பார்வைக் கோணம் பலர் தொடாமலே விட்டுவிடுவது. திரையின் உயரத்தில் பாதியைக் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு டேன்ஜென்ட்டின் தலைகீழ்க் கோணம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் மேல்-கீழ்க் கோணம் 31 டிகிரி; 70 செ.மீ. என்றால் 27. அசெட்டோ கோர்ஸாவில் போடவேண்டியது இந்த எண். ஐரேஸிங் என்ற கேம் இட-வலக் கோணத்தைக் கேட்கும், 60 செ.மீ.க்கு அது 53. ஒற்றைத் திரையில் 31 மிகக் குறுகலாகத் தெரிந்தால் 40 வரை போகலாம். அதற்குமேல் விரித்தால் வளைவு உண்மையில் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும், வேகமும் பொய்யாகக் கூடித் தெரியும். பிரேக் எங்கே பிடிப்பது என்ற கணிப்பே தப்பிப்போகும். திரையை வீலுக்குப் பின்னால் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். வீட்டு நடுவே உள்ள வளவு திறந்தவெளி என்பதால் பகலில் அங்கிருந்து வரும் வெளிச்சம் திரையில் விழும். திரையின் முகம் வளவைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இடது கால்

பிரேக் பெடல்கள் இரண்டு வகை. மலிவானவை பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கின்றன, உள்ளே பொட்டென்ஷியோமீட்டர். விலை கூடியவை எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்று அளக்கின்றன, உள்ளே லோட் செல். கால் தூரத்தை நினைவில் வைப்பதைவிட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைக்கும். கையில் பணம் இருந்து, பெரிய வீலா லோட் செல் பெடலா என்று கேட்டால், யோசிக்காமல் பெடல். லேப் டைம் அங்கேதான் குறையும்.

ஜி29ன் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. முக்கால் தூரத்துக்குமேல் கல் மாதிரி இறுகும். அதைக் கழற்றி எறிந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கழற்றினால் பெடல் பஞ்சாகிவிடும், அழுத்தத்தின் அடையாளமே காலுக்கு இருக்காது. கட்டை இருக்கட்டும். அளவுதிருத்தம் செய்யும்போது முழு பலத்தோடு மிதிக்காமல், ஒரு பந்தயம் முழுக்கச் சலிக்காமல் மிதிக்க முடிகிற அழுத்தம் எதுவோ அதையே 100 சதவீதமாகக் கேமுக்குக் காட்டுங்கள். தொடக்கத்திலேயே பிரேக் மிகக் கூர்மையாகப் பிடிக்கிறது என்றால் பிரேக் காமாவை 1லிருந்து 1.5க்குக் கூட்டிப் பாருங்கள். பாதி மிதித்தால் 50க்குப் பதில் 35 சதவீதம்தான் போகும். டெட்ஸோன், அதாவது மிதியின் தொடக்கத்தில் கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவு, 1 அல்லது 2 போதும்.

இப்போது காரை நிறுத்திவைத்துச் செய்கிற பயிற்சி ஒன்று. திரையில் பெடல் பட்டை தெரியட்டும். பிரேக்கை 80ல் நிறுத்தி இரண்டு வினாடி, 60ல் இரண்டு, 40ல், 20ல், பிறகு பூஜ்யம். கண்ணைத் திறந்து பத்து முறை. கண்ணை மூடிப் பத்து முறை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் திறந்து பார்த்துக்கொண்டு. 80 சுலபமாக வந்துவிடும். 20ல் நிறுத்துவதுதான் வராது; கால் ஒன்று 35ல் நிற்கும் அல்லது நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடும். நீங்கள் இழக்கும் நேரம் அந்த 35க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் ஐந்து நிமிஷம் இதைச் செய்தபிறகு டிராக்கில் இறங்குங்கள். மிதிக்கும்போது தொடையின் பலம். விடும்போது கணுக்கால் மட்டும். தொடையாலேயே விட்டால் கால் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும்.

ஏன் இப்படிப் படிப்படியாக விட வேண்டும் என்பதை மோன்ஸாவின் முதல் சிக்கேனில் வைத்துப் பார்க்கலாம். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் ஜிடி3 வகைப் பந்தயக் கார் 250 கி.மீ.க்கு மேல் வரும். அங்கிருந்து வலமும் உடனே இடமுமாக ஒடிகிற மிக மெதுவான வளைவுக்குள் புக வேண்டும். 250ல் காற்று காரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்: வேகம் 125க்கு இறங்கினால் அழுத்தம் கால்வாசிதான் மிஞ்சும். அதனால் முதல் கணத்தில் டயர் ஏறக்குறைய முழு பிரேக்கையும் தாங்கும்; வேகம் குறையக்குறையத் தாங்கும் அளவும் இறங்கிக்கொண்டே வரும். வேகம் இறங்கும்போது கால் அழுத்தமும் கூடவே இறங்க வேண்டும். கேம்பேடில் பழகியவர் செய்வது இதற்கு நேர் எதிர்: மெதுவாகத் தொடங்கி, வளைவு நெருங்கியதும் பயந்து இறுக்கி, திரும்பும்போது சட்டென்று விட்டுவிடுவது.

சட்டென்று விட்டால் என்ன ஆகிறது? பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்டயர்மேல் சாய்ந்திருக்கிறது; முன்டயருக்குப் பிடி கூடியிருப்பது அந்த எடையால்தான். கால் எழுந்ததும் மூக்கு எழும்புகிறது, எடை பின்னால் போகிறது, முன்டயர் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. காரின் செட்டப்பில் அண்டர்ஸ்டீர், அதாவது திருப்பிய அளவுக்குக் கார் திரும்பவில்லை, என்று புகார் சொல்லி, கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரை மாற்றத் தொடங்குகிறார்கள். ஆடத் தெரியாதவருக்கு முற்றம் கோணல். மாறாக, திரும்பத் தொடங்கும்போது 30 சதவீதம் பிரேக் மிச்சமிருந்து, வீல் திரும்பத் திரும்ப அது 20, 10 என்று கரைந்து, வளைவின் உள்விளிம்பைக் கார் தொடும் இடமான ஏபெக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்தால் மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டு வரும். அதிகம் மிச்சம் வைத்தால் பின்பக்கம் இலேசாகி கார் சுழலும். சுழன்றால் 10 சதவீதம் குறைவாக வையுங்கள், முறையை மாற்ற வேண்டாம்.

பிரேக் பிடிக்கும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போவதுதான் வேகம் என்று பலருக்கு எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீக்கிரம் பிரேக் பிடித்து வேகத்தை இறக்கி முடித்துவிட்டு, எந்தப் பெடலையும் தொடாமல் 10 மீட்டர் சும்மா உருண்டால், மணிக்கு 72 கி.மீ.யில், அதாவது வினாடிக்கு 20 மீட்டரில், அதற்கு அரை வினாடி. அதே 10 மீட்டரை பிரேக்குக்கு முன்னால் 252 கி.மீ.யில் கடந்தால் 0.14 வினாடி. ஒரே வளைவில் 0.36 வினாடி போகிறது. காரணம் சும்மா உருண்டதுதான். ஆகவே வளைவுக்கு முன்னால் டிராக் ஓரம் நிற்கும் 150 மீட்டர்ப் பலகையில் பிரேக்கைத் தொடங்குங்கள். இரண்டு பெடலும் பூஜ்யத்தில் இருக்கும் இடைவெளி ஏதும் இல்லாமல் சுற்று முடிகிற வரை அங்கேயே இருங்கள். பிறகு 5 மீட்டர் 5 மீட்டராகத் தள்ளுங்கள். ஏபெக்ஸைத் தவறவிட ஆரம்பித்தால் ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள்.

கைகள்

பிடி 9 மணி, 3 மணி நிலையில். இறுக்கிப் பிடித்தால் ஃபோர்ஸ் ஃபீட்பேக் சொல்வது கேட்காது. வீலில் புதியவர் தவறாகப் படிக்கும் சேதி ஒன்று உண்டு: வளைவின் நடுவே வீல் திடீரென்று இலேசாகும். இன்னும் திருப்பச் சொல்கிறது என்று நினைத்து மேலும் திருப்புவார்கள். அது முன்டயர் எல்லையைத் தொட்டுவிட்டது என்ற எச்சரிக்கை. டயர் தரையைப் பற்றும் விசை, திருப்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தப் பின்தள்ளல்தான் கைக்குப் பாரமாகத் தெரிகிறது. எல்லை நெருங்கும்போது விசை விழும் இடம் முன்னால் நகர்ந்து அச்சோடு சேர்ந்துகொள்ளும், பாரம் குறையும். இலேசானதும் 5 டிகிரி திருப்பலைத் திரும்ப எடுங்கள், ஒரு கணம் பொறுங்கள், பிடி வந்துவிடும்.

பின்பக்கம் வழுக்கும்போது வீல் தானாகவே எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்காமல் பிடியைத் தளர்த்தி ஓடவிடுங்கள், சரியான இடத்தில் பிடியுங்கள். காரைப் பிடித்தபிறகு அடுத்த பக்கம் வெட்டி அடிப்பது நடுநிலைக்குக் கை தாமதமாகத் திரும்புவதால். கார் நேராகத் தொடங்கும் அதே நொடியில் கையும் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

எந்தக் கார், எந்த டிராக்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி போர்ஷே 992 கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாமிடம் வந்தது. அவர்கள் ஓட்டிய போர்ஷே 992 ஜிடி3 கப் வகை அசெட்டோ கோர்ஸாவுக்கு அடுத்து வந்த கேமான அசெட்டோ கோர்ஸா காம்பெடிஸியோனேயில் இருக்கிறது, சேலஞ்சர்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பில். வீல் மாட்டியதும் அதில் ஏறத்தான் கை பரபரக்கும். கொஞ்ச நாள் பொறுங்கள். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கும் கார் அது. பிரேக்கைத் தவறாக விட்டால் உடனே தண்டிக்கும், ஏன் தண்டித்தது என்றும் புரியாது. அதே பேக்கில் பிஎம்டபிள்யூ எம்2 சிஎஸ் ரேஸிங் இருக்கிறது, மெதுவானது, கனமானது, எடை எங்கே சாய்கிறது என்று உடம்புக்கே தெரியும்படி காட்டும். ஐரேஸிங் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5, லைம் ராக் டிராக்கில். சின்ன டிராக்கில் ஒரே வளைவு ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், ஏழு கி.மீ. நீளமுள்ள ஸ்பாவில் செய்த தவறைத் திருத்த இரண்டரை நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

ஒரே கார், ஒரே டிராக், ஒரே வெப்பநிலை, ஒரே அளவு பெட்ரோல். இரண்டு வாரத்துக்கு செட்டப்பைத் தொடாதீர்கள். டயர் அழுத்தம் மட்டும் விதிவிலக்கு. காம்பெடிஸியோனேயில் ஜிடி3 காரின் உலர்தரை டயர், ஓடிச் சூடான பிறகு 26லிருந்து 27 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். பத்து சுற்று ஓட்டுங்கள். மிக வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் வித்தியாசம் அரை வினாடிக்கு மேல் இருந்தால் இன்னும் வேகத்தைத் தேடும் நேரம் வரவில்லை; அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம் என்பதையே பழகுங்கள். அரை வினாடிக்குள் வந்தபிறகு ஓட்டத்தின் பதிவைக் கோடுகளாகக் காட்டும் மோடெக் ஐ2 மென்பொருளில் தடத்தைத் திறந்து, ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்குகிறதா, கிணற்றுச் சுவர் மாதிரி விழுகிறதா என்று பாருங்கள். முதல் ஒரு மாதத்துக்கு வேறு எந்தக் கோட்டையும் பார்க்கத் தேவையில்லை.

கரன்ட், வெயில், தூசி

பழைய வீடுகளில் எர்த் சரியாக இல்லாத பிளக்குகள் உண்டு. டைரக்ட் டிரைவ் வீல் ஓட்டத்தின் நடுவே யூஎஸ்பி துண்டித்துப்போவதற்கு இது ஒரு காரணம். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தோடு எரிய வேண்டும். வீலின் வயரை ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். கம்ப்யூட்டர், திரை, வீலின் அடாப்டர் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கரன்ட் போய் வந்தால் ஜி29 தானாக இரு பக்கமும் முழுதாகச் சுழன்று நடுவைக் கண்டுபிடிக்கும். அப்போது கையை எடுத்துவிடுங்கள். தடுத்தால் நடு தவறிப்போய், நேர்ச்சாலையிலும் வீல் கோணலாக நிற்கும்.

சித்திரை வெயிலில், ஜன்னல் இல்லாத உள்ளறையில், முக்கால் மணி நேரத்துக்குள் மோட்டார் சூடேறும். சூடேறினால் விசை தளரும். கெயினை 10 புள்ளி குறைத்து, டேபிள் ஃபேனை உங்கள்மேல் மட்டுமல்ல, வீலின் காற்றுத் துளைகள்மேலும் திருப்பி வையுங்கள்.

நம் ஊர்ச் செம்மண் தூசி பெடலுக்குள் போய்ப் பொட்டென்ஷியோமீட்டரில் படியும். காலை எடுத்த பிறகும் பிரேக் பட்டை 3, 7, 2 என்று துடிப்பதும், மிதிக்கும்போது நடுவில் ஒருமுறை பூஜ்யத்துக்கு விழுந்து எழுவதும் அதன் அடையாளம். வயரைக் கழற்றி, பெடலின் அடித்தட்டைத் திறந்து, எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் ஒரே ஒரு முறை அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை அழுத்தி விடுங்கள். பல்சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் அங்கே படக் கூடாது. கால் மணி நேரம் காயவைத்து மூடி, அளவுதிருத்தத்தைப் புதிதாகச் செய்யுங்கள். சுத்தம் செய்தபின் அதே மிதிக்கு வேறு எண் வரும். அன்று 150 மீட்டர்ப் பலகையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.